யாகோ காய்க்குப் பக்கத்தில் ஒரு குழி

எங்க வேலிக்கு வெளியே ராணுவ லாரி நிக்குது. அதுல ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள என் புருஷன் ஓவிடி. சோமாலியாச் சண்டைக்குப் போனவரு, மூணு வருஷம் கழிச்சு எலும்பா வந்திருக்காரு. வாசல்ல பெரிய மாமனார் ஒச்சுவோதோ கைத்தடியைக் குறுக்கே நீட்டிக்கிட்டு நிக்கிறாரு.

"உள்ளே விட முடியாது. அவனைத்தான் புதைச்சாச்சே."

புதைச்சது அவரை இல்லை, ஒரு யாகோ காயை. உடம்பு கிடைக்காத ஆளுக்கு எங்க லூவோ ஜனங்க செய்யற வழக்கம் அது. கை நீளத்துக்கு மரத்துல தொங்குற காயைப் பறிச்சு, துணி சுத்தி, ஆளைப் புதைக்கிற மாதிரியே வீட்டுக்கு வலது பக்கம் புதைப்போம். போன வருஷம் அவசரப்பட்டதே இந்தப் பெரிய மாமனார்தான். புதைக்காத ஆவி வீட்டைச் சுத்தும், பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னாரு. இப்ப, ஒரே ஆளுக்கு ரெண்டு குழி வெட்டினா ரெண்டாவது குழி வீட்டுல இன்னொரு உயிரைக் கேக்குமாம். சரி, காயைத் தோண்டி எடுங்கன்னா, மூடின குழியைத் திறக்கிறது அதைவிடக் கெடுதலாம். நல்லா இருக்கு நியாயம்!

"அப்ப அவரை எங்கே கொண்டுபோறது, மாமா?"

"டவுன் கல்லறையில போடட்டும்."

நாதியத்தவங்களைப் போடற இடம் அது.

லாரியோட வந்த ஓயுகி முன்னாடி வந்தான். என் புருஷனோட ஒரே படையில இருந்தவன், வலது கையை அந்தச் சண்டையிலேயே குடுத்துட்டு வந்தவன். அவனும் இன்னும் சில மாஜி சிப்பாய்ங்களும்தான் என் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடச் சட்டை எடுத்துத் தர்றாங்க. ஆபீஸ் ஆபீஸா ஏறி இந்த எலும்பை மீட்டதும் அவங்கதான்.

"பெரியவரே, கொஞ்சம் வழி விடுங்க."

"நீ சிப்பாய். சுடத் தெரியும். குல வழக்கம் உனக்கென்னடா தெரியும்?"

"நானும் லூவோதான்யா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. என் கை அங்கேயே கிடக்கு, அதுக்கு எந்தக் காயைப் புதைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க."

யாரோ சிரிச்சு, சட்டுன்னு வாயைப் பொத்திக்கிட்டாங்க.

அப்பத்தான் என் மாமியார் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு வெளியே வந்தாங்க.

"தடியை எடுங்க, மூத்தாரே. இன்னொரு உயிரைக் கேக்கும்னுதானே பயம்? நான் இருக்கேன்ல. என்னை எடுத்துக்கட்டும்."

"வாயைக் கழுவும்மா! பலிச்சிடும்."

"பலிக்கட்டும்னுதான் சொல்றேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

வாசல்ல நின்னு சொன்ன வார்த்தையை எங்க ஊர்ல யாரும் திருப்பி வாங்க முடியாது. தடி மெல்ல இறங்குச்சு. "வேணாம் அத்தே"ன்னு நான் ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். தடுக்கல. அந்த நிமிஷம் எனக்கு என் புருஷன்தான் வேணும்.

லாரி உள்ளே வந்துச்சு. காய் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்துலேயே குழி வெட்டினாங்க. சிப்பாய்ங்க வானத்தைப் பார்த்துச் சுட்டாங்க. ஓயுகி இடது கையால சல்யூட் அடிச்சான். அவரு வீடு வந்து சேந்துட்டாருங்கிற நிம்மதியும், அத்தையைப் பறிகுடுக்கப்போறேனேங்கிற நடுக்கமும் ஒண்ணா வந்து, நான் மார்ல அடிச்சுக்கிட்டு அழுதேன்.

அத்தை அழல. மண்ணைத் தள்ளி முடிச்ச ஆளைக் கூப்பிட்டு, வீட்டுக்கு இடது பக்கம், பொம்பளைங்களைப் புதைக்கிற இடத்தைக் காட்டினாங்க.

"இங்கே வேர் ஜாஸ்திப்பா. மண்வெட்டி கையில இருக்கும்போதே வெட்டி எடுத்துடு. அப்புறம் நீங்க சிரமப்படக் கூடாது."