சங்கு ஊதாத திங்கட்கிழமை

எங்கள் தெருவில் என் காருக்குப் பெயர் சங்கு. வைத்தது எதிர்வீட்டு உமைமாக்கா. சாவியைத் திருப்பி வண்டியை நகர்த்தினால் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு ஊளை மெல்லக் கிளம்பி, ஆக்ஸிலேட்டரை அமுக்க அமுக்க ஏறும். திருவொற்றியூர் ஃபேக்டரிகளில் முன்பெல்லாம் ஷிப்டு மாறும்போது ஊதிய சங்கு இப்படித்தான் கேட்குமாம். எங்கள் பக்கம் சங்கு என்றால் வேலைக்கும் ஊதுவது, சாவுக்கும் ஊதுவது. எதை நினைத்துப் பெயர் வைத்தாய் என்று உமைமாக்காவைக் கேட்டதற்கு, உன் வண்டி எதற்கு ஊதுகிறதோ அதற்கு என்று சொல்லிவிட்டாள்.

கார் ஒரு பழைய கான்டெஸா. நீண்ட மூக்கு, அகலமான பின்புறம், உள்ளே ஒரு குடும்பமே காலை நீட்டிப் படுக்கலாம். நம் ஊரில் அமெரிக்கப் படங்களில் வருகிற மாதிரி மஸில் கார் என்று சொல்லிக்கொள்ள வேறு எது இருக்கிறது? வாங்கியது என் வீட்டுக்காரன் நோயல். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்துச் சேர்ப்பது அவன் தொழில். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவன் என்பதால் எனக்கு அவன் கடைசிவரை 'அவர்' ஆகவே இல்லை.

வாங்கியதோடு விட்டானா? எங்கோ மோதி நொறுங்கிய வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய ஒரு சூப்பர்சார்ஜரைப் புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடையிலிருந்து கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தான். நான் கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தச் சாமானின் வயிற்றுக்குள் இரண்டு முறுக்கிய உருளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. ஒன்றை விரலால் உருட்டினால் மற்றதும் உருண்டது, ஆனால் ஒன்றையொன்று தொடவில்லை. கத்த வேண்டியதை மறந்து, இது என்ன செய்யும் என்று கேட்டுவிட்டேன். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டது.

"எல்லா இன்ஜினும் தானா மூச்சு இழுக்கும்," என்றான் நோயல். "இது அதும் வாயில காத்த ஊதித் தள்ளும். காத்து ஜாஸ்தியா போனா பெட்ரோலும் ஜாஸ்தி எரியும். அவ்ளோதான் மேட்டரு."

அடுப்பை ஊதுகுழலால் ஊதுகிற மாதிரி என்று புரிந்துகொண்டேன். எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை, எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்று வாக்கி டாக்கியில் சொல்வது. கம்பெனி பஸ் எங்கள் ராயபுரத்துக்குள் வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் ஓட்டினால்தான் நானும் போகமுடியும், கூட வேலை பார்க்கிறவர்களில் வியாசர்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் என் வாசலுக்கு வந்துவிடுகிற ராஜாத்தியும், தண்டையார்பேட்டையில் ஏறுகிற மோகனப்ரியாவும் போகமுடியும். கேட் மூடிவிட்டால் அன்றைக்கு உள்ளே விடமாட்டார்கள். ஆகவே நீ எதை வேண்டுமானாலும் ஊது, வண்டி தினமும் போகவேண்டும், தினமும் வரவேண்டும், ஒருநாள் நின்றாலும் உன்னையும் சேர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்றேன்.

அவனும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். பழைய ரப்பர் குழாய்களை எல்லாம் பிடுங்கிப் புதிது போட்டான். பிரேக்கை மாற்றினான். ஊதும் காற்று சூடாகிவிடுமாம், அதைக் குளிர்விக்க ஒரு தண்ணீர்ப்பெட்டி வைத்தான். எல்லாம் சரியாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. எண்ணூர் பக்கம் ட்ரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் நடுவில் நாங்களும் நிற்போம். நிற்க நிற்க இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறும். அதற்கு நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். காருக்குள் ஹீட்டரைப் போட்டால் இன்ஜினின் சூடு கொஞ்சம் நம் பக்கம் வந்துவிடும், முள் இறங்கும். எண்ணூர் வெயிலில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, அனல் மின் நிலையத்துச் சாம்பல் தூசி வந்தாலும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, மூன்று பேரும் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்ததுபோல் போவோம். ராஜாத்தி என் பரம்பரையையே திட்டுவாள். ஆனால் ஒருநாளும் நிற்கவில்லை.

இனி அந்தத் திங்கட்கிழமை.

அன்றைக்கும் லாரி வரிசை நின்றது. நான் ஹீட்டர் குமிழில் கை வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்தேன். முள் ஏறவில்லை. வரிசை நகர்ந்து, மறுபடி நின்று, மறுபடி நகர்ந்தும் ஏறவில்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஆயில் மாற்றுகிறேன் என்று நோயல் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான். என்னமோ செய்திருக்கிறான், கெட்டிக்காரன்தான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். பின்னால் மோகனப்ரியா தன் நாத்தனார் கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்ததில் வேறெதுவும் காதில் விழவில்லை.

அத்திப்பட்டு தாண்டி சாலை ஒடுங்கும் இடத்தில் ஒரு ட்ரெய்லர் ஆமையாக ஊர்ந்தது. எதிரே தூரத்தில் ஒரு டேங்கர். நடுவில் இருக்கும் இடைவெளி எனக்குப் பழக்கமானதுதான். கியரைக் குறைத்து அமுக்கினால் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி வண்டி பாயும், டேங்கர் வருவதற்குள் என் பக்கம் வந்துவிடுவேன். அமுக்கினேன். முதுகில் கை வரவில்லை. வண்டி போனது, ஆனால் சாதாரணமாகப் போனது. ட்ரெய்லரின் பாதி நீளம்கூடக் கடக்கவில்லை, டேங்கர் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு பெரிதாகிவிட்டது. பிரேக்கை மிதித்து மறுபடியும் ட்ரெய்லரின் வாலுக்குப் பின்னால் சொருகிக்கொண்டேன். டேங்கர்க்காரன் என்னைப் பெற்றவளை விசாரித்துவிட்டுப் போனான்.

பின்னாலிருந்து ராஜாத்திதான் சொன்னாள். "இன்னா ஜானட்டு, இன்னிக்கு நமக்கே சங்கு ஊதிடுவ போலகீதே."

யார்டில் இறங்கி வேலையைத் தொடங்கினேன். மதியத்துக்குள் பயம் போய்விட்டது, கேள்விதான் போகவில்லை. பெட்ரோல் சரியில்லையா? காற்று வடிகட்டி அடைத்ததா? அடைத்தால் சூடு எப்படிக் குறையும்? நேற்றைய வண்டியில் சூடும் இருந்தது, பாய்ச்சலும் இருந்தது. இன்றைக்கு இரண்டும் சேர்ந்து காணாமல் போயிருக்கின்றன. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா? ஒரு நாற்பதடிப் பெட்டியைத் தப்பான வரிசைக்கு அனுப்பிவிட்டு கிரேன்காரரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் வண்டியை வாசலில் நிறுத்தியதும் உமைமாக்கா தன் வீட்டுப் படியிலிருந்தே ஆரம்பித்தாள். "இன்னாடி, காலைல லீவுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? உன் சங்கு கேட்டாதான் எங்கூட்ல டீயே போடுவேன். நீ ஊதல, நான் தூங்கிட்டேன், அவரு ஹார்பருக்கு லேட்டா போயி பாட்டு வாங்கினு வந்துகீறாரு."

நான் லீவு இல்லை, வழக்கம்போலத்தான் போனேன் என்றேன். அவள் நம்பவில்லை. நான் வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை அமுக்கிக் காட்டினேன். இருவரும் காது கொடுத்துக் கேட்டோம். ஊளை எங்கோ அடியில் முனகியதே தவிர, மேலே ஏறவே இல்லை.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். நான் பானெட்டைத் திறந்தேன். எல்லாம் எண்ணெய்க் கருப்பு, நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் வெள்ளிபோல் பளபளத்தது. சூப்பர்சார்ஜரின் மூக்கில், பெல்ட் சுற்றுகிற சக்கரம். அதைப் புல்லி என்பான் நோயல். பழையது என் உள்ளங்கைக்குள் அடங்கும். இது அடங்கவில்லை. பெரிய சக்கரம் போட்டால் நன்றாகத்தானே ஊத வேண்டும்? அங்கேயே யோசித்துக்கொண்டு நின்றேன். எதிரே ஜன்னல் வழியாக உமைமாக்காவின் மிஷின் தெரிந்தது. கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம். அவள் கால் நிதானமாகத்தான் மிதித்தது, மேலே இருப்பது பம்பரமாகச் சுற்றியது, ஊசி கண்ணுக்கே தெரியவில்லை. சின்னதாக இருப்பதால்தான் அந்த ஓட்டம். மேலேயும் பெரிதாகப் போட்டிருந்தால்?

மெதுவாகச் சுற்றும். குறைவாக ஊதும். சூடு ஏறாது. சங்கும் கேட்காது. பாயவும் பாயாது.

விடை கிடைத்ததில் ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் யாசின் அண்ணனுக்குப் போன் செய்தேன். ஆமாம், போன வாரம் நோயல் சொல்லித்தான் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து கொடுத்தேன், ஏன், உனக்குத் தெரியாதா தங்கச்சி என்று கேட்டார். சக்கரத்துக்குத் தெரியும், பட்டறைக்குத் தெரியும். ஓட்டுகிறவளுக்கு மட்டும் தெரியாது.

நோயல் வீட்டுக்கு வந்ததும் நான் டேங்கர் கதையைச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். போன வாரம் பைக்கில் எண்ணூர்ப் பக்கம் போனபோது, இரண்டு ட்ரெய்லர்களுக்கு நடுவே நான் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருந்ததைப் பார்த்தானாம். அங்கே வண்டி நின்றால் இவள் என்ன செய்வாள் என்று அன்றிலிருந்து தூக்கம் வரவில்லையாம். சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்றுதான் சொல்லவில்லையாம்.

"ஒத்துக்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ட்டியா?" என்றேன். "கொறைச்சதுக்கு எனுக்குக் கோவம் இல்ல நோயலு. கொறைச்சிகீறேன்னு சொல்லியிருந்தா நான் அந்த ட்ரெய்லருக்குப் பின்னாடியே போயிருப்பேன். அது ஊதும்னு நம்பி அமுக்குறேன், அங்க ஒண்ணும் இல்ல. பின்னாடி ரெண்டு பொம்பளைங்க குந்திகினு கீறாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வரும் அழுகைதான், ஆனாலும் அழுகை. அவன் உடனே எழுந்து, இப்போதே பழைய புல்லியை மாட்டிவிடுகிறேன் என்று ஸ்பேனரைத் தேடினான். தொடாதே என்றேன். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அத்தனையும் செய்து கொடுத்தவன், நான் ஓட்டும்போது பக்கத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மறுநாள் அவன் காட்டுப்பள்ளிவரை என்னோடு வர வேண்டும், பஸ் பிடித்துத் திரும்பிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் முன்சீட்டில் நோயல். தெருமுனைவரை வண்டியின் சத்தத்தைக் கேட்டான். காசிமேடுவரை முள்ளைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான், காலைப் பார்த்தான். பின்சீட்டில் இரண்டு பேரும் கோயிலுக்குள் உட்கார்ந்ததுபோல் வாயே திறக்கவில்லை. லாரி வரிசையில் நின்றோம், நகர்ந்தோம். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

அத்திப்பட்டு தாண்டியதும் அதே ஒடுங்கின சாலை. அன்றைக்கும் முன்னால் ஒரு ட்ரெய்லர் ஊர்ந்தது. எதிரே தூரத்தில் ஒரு பஸ். முந்தின நாள் இருந்த அதே அளவு இடைவெளி. நோயல் சீட்டில் முன்னால் வந்து உட்கார்ந்தான். அவனுக்குள் இருக்கும் மெக்கானிக்கால் சும்மா இருக்க முடியவில்லை.

"போ, போ. இப்ப போய்டலாம்," என்றான்.

நான் போகவில்லை. கியரைக்கூடத் தொடவில்லை. பஸ் எங்களைக் கடந்து போகும் நேரத்தில், போயிருந்தால் எங்கே இருந்திருப்போம் என்று அவன் கண் அளந்ததைப் பார்த்தேன். ட்ரெய்லரின் பக்கவாட்டில், பாதி நீளத்தில் இருந்திருப்போம்.

"அந்தச் சின்னப் புல்லி இருந்திருந்தா போயிருப்பேன்," என்றேன். "இதுல போவ முடியாது. நேத்து எனுக்குத் தெரியாது, இன்னிக்குத் தெரியும்."

துறைமுக கேட் வரும்வரை அவன் மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இறங்கும்போது ராஜாத்தி அவனிடம், பஸ் அந்தப் பக்கம் நிற்கும் என்று ரொம்ப மரியாதையாக வழிகாட்டினாள்.

அன்று சாயங்காலம் ஸ்பேனரை அவன் என்னிடம் நீட்டினான். எது எந்தப் பக்கம் திரும்பும் என்று அவன் சொல்லச் சொல்ல, பெரிய புல்லியைக் கழற்றிச் சின்னதை மாட்டினேன். கை வழுக்கி இரண்டு நகம் போனது. சூட்டுக்கு என்ன செய்யலாம் என்று இருவரும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினோம். வண்டி நின்றால் காற்று நிற்கிறது, காற்று நின்றால் குளிர்விக்கிற தண்ணீர் சூடாகிறது, அவ்வளவுதானே, அங்கே ஒரு ஃபேன் வைத்தால் என்ன என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்றான். வார முடிவில் ஃபேன் வந்தது. ஹீட்டரின் அவசியம் போய்விட்டது, ராஜாத்தி திட்டுவதற்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள்.

புல்லியை மாற்றிய மறுநாள் காலை தெருவில் வண்டியை நகர்த்தியதும் ஊளை ஏறியது. தெருமுனை திரும்புவதற்குள் கண்ணாடியில் பார்த்தேன். உமைமாக்கா வீட்டுச் சமையலறையில் லைட் எரிந்தது.

இது நடந்து சில வாரங்கள் இருக்கும். மதியம் யார்டில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், நோயல் போன். பெல்ட் கொஞ்சம் தேய்ந்திருக்கிறதாம், முந்தின நாள் பார்த்தானாம். புது பெல்ட்டை வாங்கி வீட்டில் தயாராக வைத்திருக்கிறானாம்.

"சாயங்காலம் நீ வந்ததும் மாத்திடட்டா?" என்றான்.

கேட்டான். எனக்கு மனது நிறைந்துவிட்டது. ஆனாலும் உடனே சரி என்று சொல்லிவிடுவேனா? வந்து சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, மீன் குழம்பை நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டேன்.