முத்தமிழின் மாடிக் கீரை

அரியலூர் சிமென்ட் ஆலை ஒன்றில் முத்தமிழுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சோதிக்கிற வேலை. சுரங்கத்திலிருந்து லாரி வந்ததும் ஒரு சில்லை உடைத்து, அதன்மேல் இரண்டு சொட்டு ஆசிட் விடுவான். பொரபொரவென்று பொங்கினால் நல்ல கல். கம்மென்று கிடந்தால் வேறு ஏதோ கல். மெஷின் நாலு பக்கத்துக்கு அச்சடித்துத் தருவதை நான் ரெண்டு சொட்டில் சொல்லிவிடுவேன் என்று கல்யாணப் பந்திகளில்கூடச் சொல்லியிருக்கிறான். பக்கத்து இலைக்காரர் அவசரமாக ரசம் கேட்பார்.

அப்பேர்ப்பட்டவன் மண்ணே இல்லாமல், வெறும் தண்ணீரில் கீரை வளர்க்கிறேன் என்று மொட்டைமாடி ஏறினான். போன பொங்கலுக்கு வந்திருந்த சகலையிடம் வாயை விட்டதுதான் வினை. சகலை ராசாங்கம், அவன் மனைவி ஜெயசுதாவின் அக்கா மஞ்சுவைக் கட்டியவர். ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்பு, சொந்த போர்வெல், சத்தமான குரல் எல்லாம் உள்ளவர்.

“மண்ணு இல்லாம வெள்ளாமையா சகல? அப்ப அடுப்பு இல்லாம சோறாக்கு, பாப்பம்” என்றார் அவர்.

“ஆடிப்பெருக்குக்கு வாங்க. எங்க மாடிக் கீரையத் தின்னுட்டு அப்பறம் பேசுங்க.”

“கீரை வரலன்னா?”

“பைப்பக் கழட்டிக்கிட்டுப் போயிருங்க.”

ராசாங்கம் கொஞ்சம் யோசித்தார். “நல்ல பைப்பாத்தானே வாங்குவ?” என்று கேட்டுக்கொண்டார்.

நல்ல பைப்புதான் வாங்கினான். ஓட்டை போட்ட நாலு பைப், கீழே ஒரு டிரம், அதிலிருந்து தண்ணீரைச் சுற்றி அனுப்ப ஒரு குட்டி மோட்டார். ஒவ்வொரு ஓட்டையிலும் வலை போட்ட ஒரு கப். கப்பில் நாற்று சாயாமல் நிற்க, சுட்ட களிமண் உருண்டைகளை நிரப்பச் சொன்னார் கடைக்காரர். முத்தமிழுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அரியலூர்ல பொறந்துட்டு கல்ல வெலைக்கு வாங்குறதா?” என்றான். சுரங்கத்து ஓரத்திலிருந்து வெள்ளைச் சில்லுகளை ரெண்டு மூட்டை அள்ளிவந்து, மூன்று முறை கழுவி, கப்புகளில் நிரப்பிப் பாலக்கீரை நாற்றுகளை நட்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஆரம்பித்தது தண்ணீர்ப் பராமரிப்பு. போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரம் வெள்ளை பூத்துவிடும் ஊர் அது. அதனால் கேன் தண்ணீர். வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று டிரம்முக்குச் சாக்குப் போர்வை. சூடானால் வேர் அழுகும் என்று மத்தியானத்தில் ஐஸ் பாட்டில். வேர் மூச்சுவிட மீன்தொட்டிக்குப் போடுகிற காற்றுக்குழாய். பிள்ளை பெற்றவளுக்குக்கூட அந்த வீட்டில் இவ்வளவு பக்குவம் நடந்ததில்லை என்று ஜெயசுதா தன் அக்காவிடம் போனில் சொன்னாள். இரண்டு பிள்ளை பெற்றவள் அவள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீரின் புளிப்பு. அதை அளக்க ஒரு மீட்டர் இருந்தது. மீட்டர் ஆறு காட்டினால் செடி நன்றாகச் சாப்பிடும். புளிப்பு குறைந்து எட்டுக்குப் போனால் தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. முத்தமிழ் காலையில் ஆசிட் விட்டு ஆறுக்குக் கொண்டுவருவான். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால் எட்டு. மறுபடி ஆசிட், மறுநாளும் எட்டு. மீட்டரை மாற்றினான். புது மீட்டரும் எட்டு என்றது. மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினான். இரண்டு நாள் மரியாதைக்கு ஆறில் நின்றுவிட்டு அதுவும் எட்டுக்குப் போனது. கீரையின் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாக வெளுத்தன.

யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தான். முதலில் லாரித் தூசியைச் சந்தேகப்பட்டு வலை கட்டினான். அடுத்து பக்கத்து வீட்டுப் புறாக்கள். கடைசியில், ஆண்கள் வழக்கமாக வந்து சேரும் இடத்துக்கு வந்து சேர்ந்தான்.

“துணி காயப் போடும்போது சோப்புத் தண்ணி தெறிக்குது” என்றான் ஜெயசுதாவிடம்.

“நல்லா அலசிப் பிழிஞ்சிட்டுத்தான் மேல கொண்டாரேன்.”

“அப்ப வேணும்னே ஊத்துறியா? உங்க மாமா ஜெயிக்கணும்னு?”

ஜெயசுதா துணி வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவன் அந்த இடத்திலேயே உஷாராகியிருக்க வேண்டும். அவனோ கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்து மாடிக் கதவைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான்.

மூன்று வாரம் துணியெல்லாம் ஜன்னல் கம்பியில் காய்ந்தது, அல்லது காயவில்லை. ஈர பனியன் நாற்றத்தோடு வேலைக்குப் போய்வந்தான். பூட்டிய பிறகும் மீட்டர் எட்டுதான் காட்டியது. புத்தியுள்ளவன் அப்போதாவது மனைவியைச் சந்தேகத்திலிருந்து விடுதலை செய்திருப்பான். இவன், அவளிடம் கள்ளச்சாவி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஆடிப்பெருக்குக்கு முதல்நாள் ராசாங்கமும் மஞ்சுவும் வந்தார்கள். ராசாங்கத்தின் கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பைப் அறுக்கிற ஆக்சா பிளேடு இருந்தது. காபி குடித்த கையோடு மாடி ஏறி, வெளுத்துக் கிடந்த கீரையை ஒரு சுற்று பார்த்தார்.

“என்னா சகல, மஞ்சக் காமாலையா?”

“செடியில ஒண்ணும் கோளாறு இல்ல. தண்ணியில சோப்பு கலக்குது. உங்க மச்சினிச்சியத்தான் கேக்கணும்” என்றான் முத்தமிழ்.

மாடிக் கதவருகே நின்றிருந்த ஜெயசுதாவின் முகம் சுண்டிவிட்டது. மஞ்சு தங்கையைப் பார்த்தாள்.

“இப்ப பாருங்க, எப்படி ஆறுக்குக் கொண்டாரேன்னு” என்று ஆசிட் பாட்டிலைத் திறந்தான் முத்தமிழ். எட்டிப்பார்த்த ராசாங்கத்தின் தோள் அவன் கையில் இடித்தது. நாலைந்து சொட்டு டிரம்மில் விழாமல் பக்கத்துக் கப்பில் விழுந்தது.

கப்பிலிருந்த வெள்ளைக் கல் பொரபொரவென்று பொங்கியது.

இருபது வருஷமாகப் பார்த்த நுரை. முத்தமிழ் பாட்டிலை மூடினான். தினமும் ஊற்றிய ஆசிட்டையெல்லாம் கல் தின்றிருக்கிறது. தின்றுவிட்டுத் தன் சுண்ணாம்பைத் தண்ணீரில் விட்டிருக்கிறது. நல்ல கல்.

“பாத்தியா சகல, நெசமாவே சோப்பு நுரைதான்” என்றார் ராசாங்கம்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மாடியில் வேறு யாருக்கும் அந்த நுரையின் அர்த்தம் தெரியாது. சொல்ல வாயைத் திறந்தும்விட்டான். ஜெயசுதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை, இவன் என்ன சொல்லுவான் என்று தெரிந்தவள் பார்க்கிற பார்வை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“சோப்பு இல்லங்க சகல. கல்லு. நாந்தான் சுண்ணாம்புக்கல்ல அள்ளியாந்து போட்டேன். அவ ஒண்ணும் பண்ணல.”



“நீங்க கல்லு பாக்குற வேலையிலதானே இருக்கீங்க?” என்று கேட்ட மஞ்சுவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போயி காடிப்பானையில விழுமாம் துள்ளி.”

ஜெயசுதா சிரிக்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

“சாவி.”

அரைஞாணில் போட்ட முடிச்சு இறுகிப் போயிருந்தது. அக்கா, மாமா எல்லாரும் பார்க்க வேட்டியை நெகிழ்த்தி அவிழ்க்கப் பார்த்தான். முடியவில்லை. கடைசியில் ராசாங்கம் ஆக்சா பிளேடை எடுத்துக் கொடுத்தார். முதல் வெட்டு கயிற்றுக்குத்தான் விழுந்தது.

மறுநாள் பந்தியில் உழவர் சந்தைக் கீரை. சாப்பிட்டு முடித்து ராசாங்கம் மூன்று பைப்பை அறுத்துக் கட்டினார். நாலாவதில் பிளேடை வைத்தபோது ஜெயசுதா வந்தாள்.

“அது இருக்கட்டும் மாமா. அது என்னுது.”

சில்லுகளைக் கொட்டிவிட்டு, வீட்டில் கிடந்த தேங்காய் நாரைக் கழுவிக் கப்புகளில் திணித்து அவளே நாற்று நட்டாள். பத்து நாளாக மீட்டர் ஆறிலேயே நிற்பதாகச் சொல்கிறாள். முத்தமிழ் அதைக் கண்ணால் பார்க்கவில்லை.

“சுதா, ஒரே ஒரு தடவ மீட்டரப் பாத்துட்டு வந்துடுறனே” என்று தினமும் சாயங்காலம் படிக்கட்டில் நின்று கேட்கிறான்.

சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. இன்று ஈரத்துணி நிறைந்த வாளியை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, “மொதல்ல இதக் காயப் போடுங்க” என்றாள். “நல்லா பிழிஞ்சிட்டு.”