வேலியோரத்து வைஃபை

சேந்தமங்கலத்தில் பழனியம்மாளின் கோழிப் பண்ணையையும் கந்தப்பன் வீட்டையும் பிரிப்பது ஒரு கம்பி வேலி. ஆடு தாண்டாது, வைஃபை தாண்டும். பத்து வருடமாகக் கந்தப்பன் வீட்டில் சீரியல் ஓடியதெல்லாம் பழனியம்மாளின் வைஃபையில்தான் என்பது அந்தத் தெருவில் யாருக்குத் தெரியாது?

முதல் மோடத்தில் இருந்த பூட்டுக்கு டபிள்யூ.ஈ.பி. என்று பெயர். கந்தப்பனின் மருமகன் காபி ஆறுவதற்குள் அதைத் திறந்துவிட்டான். அடுத்த மோடத்தில் இன்னும் கெட்டியான பூட்டு, டபிள்யூ.பி.ஏ. டூ. அதை உடைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஆத்தூர் கல்யாணத்துக்குப் போன அன்று, கோழிகளைப் பார்த்துக்கொள்ளக் கந்தப்பனிடம் சொல்லி, அதற்குக் கூலியாகப் பழனியம்மாளே வேலிக்கு மேல் பாஸ்வேர்டைக் கூவிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் மகள் தீபிகா சித்திரையில் வந்தாள். மோடத்தில் யார் யார் தொங்குகிறார்கள் என்று பார்த்தாள். பதினோரு போன், ஒரு டிவி. தலையில் அடித்துக்கொண்டு புது மோடம் வாங்கி, புதுப் பெயர் வைத்து, டபிள்யூ.பி.ஏ. த்ரீ போட்டு, பாஸ்வேர்டை அம்மாவுக்கே சொல்லாமல் ரயிலேறினாள்.

வினை அங்கேதான் பிடித்தது. கோழி செட்டில் சூடு ஏறினால் போனுக்குத் தகவல் அனுப்ப ஒரு பெட்டி உண்டு. எட்டு வருடப் பெட்டி. புதுப் பூட்டு அதற்குப் புரியவில்லை. வேறு பெட்டி வரப் பத்து நாளாகும் என்றார் கடைக்காரர். பூட்டைப் பழையபடி இறக்கு என்று போனில் சொன்னால் தீபிகா அசையவில்லை.

"பழைய பூட்டுல ஓட்ட இருக்குதும்மா."

"அப்ப நாலாயிரம் கோழியும் வெந்து சாகட்டும். நான் பூட்டப் பாத்துட்டு உக்காந்துக்கறேன்."

அரைமணிக்கு ஒருமுறை வெயிலில் செட்டுக்கு நடந்தாள் பழனியம்மாள். போகும்போது திட்டு தீபிகாவுக்கு, வரும்போது கந்தப்பனுக்கு.

நான்காம் நாள் மத்தியானம், மோர் குடிக்க உட்கார்ந்தவளின் போன் அலறியது. செட்டில் நாற்பது டிகிரி. ஓடினாள். தண்ணீர் தெளிப்பான் அடைத்துக் கிடந்தது. கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. குழாயை இழுத்துக் கூரையெல்லாம் பீய்ச்சி அடித்தாள். ஒன்றுகூடச் சாகவில்லை.

மூச்சு வாங்கி முடித்த பிறகுதான், ஊமையாகக் கிடந்த பெட்டி எப்படிப் பேசியது என்று உறைத்தது. தீபிகாவைக் கூப்பிட்டாள். அவள் வைஃபை பட்டியலைப் பார்க்கச் சொன்னாள். அதில் 'பழனியம்மாள்' என்ற பழைய பெயர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

கந்தப்பன் சொந்தமாக நெட் இணைப்பு எடுத்து, எங்கிருந்தோ ஒரு பழைய மோடம் வாங்கி மாட்டியிருக்கிறான். பதினோரு போனிலும் புதிதாக அடிக்கச் சோம்பல். அதே பெயர், அதே பாஸ்வேர்டு, அதே பழைய பூட்டு. பெட்டியும் பழகின இடம் என்று அதில் போய் ஒட்டிக்கொண்டது.

உடனே பெட்டியைக் கழற்று என்று தீபிகா பதறினாள். பழனியம்மாள் போனை வைத்துவிட்டு வேலியோரம் போனாள். நாலு நாள் வசவு அவ்வளவும் நாக்கு நுனியில் இருந்தது. கந்தப்பன் பல் குத்திக்கொண்டு வந்தான்.

"ஏனுங்க்கா, நெட்டு நல்லா வருதுங்களா? எம் பேருக்கு மாத்தலாம்னு இருக்கறனுங்க."

பழனியம்மாள் வசவை விழுங்கிக்கொண்டாள்.

"பேரு அப்படியே இருக்கட்டும். மத்தியானத்துல மட்டும் மோடத்த அணைச்சுராத, சாமி."

பத்து வருடத்தில் அவள் அவனைச் சாமி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.