சொகுசுக்கு எத்தனை மார்க்

ஒரு கால் காருக்கு வெளியே தரையைத் தொட்டுவிட்டது. இன்னொரு கால் ஸ்டியரிங்குக்குக் கீழேயே கிடந்தது. இடையில் நான் முன்னேயும் போகமுடியாமல் பின்னேயும் சாயமுடியாமல் மாட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில் சுளீரென்று வெட்டியது. இந்தக் காரின் விலைக்கு எங்கள் தெருவில் பாதியை வாங்கிவிடலாம். ஆனால் அதிலிருந்து இறங்க எனக்கு வழி தெரியவில்லை.

கார் பத்திரிகை ஒன்றில் எழுதுகிறேன். புதிதாக வரும் கார்களை ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, வேகம், சொகுசு, கொடுக்கிற விலைக்கு மதிப்பு என்று மூன்று கட்டங்களில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது என் வேலை. அதை நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இருபது வருடமாக எனக்குக் கருவி என் உடம்புதான். சீட் சரியில்லையென்றால் முதுகு சொல்லிவிடும். அந்த முதுகு இப்போது ஆறு மாதமாக எல்லா சீட்டையும் திட்டுகிறது. முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கியிருப்பது டாக்டரைத் தவிர எனக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். எடிட்டருக்குத் தெரிந்த மறுநாள் சாவி வேறு கைக்குப் போய்விடும்.

காலையில் சட்டைக்குள் பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிடும்போது அவள் கேட்டாள். "இன்னும் எத்தன நாளைக்குங்க இப்படி மறைப்பீங்க? கடவுள் பாத்துட்டுதான இருக்காரு?"

"பாத்தாலும் எடிட்டர்கிட்ட போட்டுக் குடுக்க மாட்டாரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பெல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

காரில் இரண்டே இருக்கைகள். பொத்தானை அழுத்தினால் கூரை பன்னிரண்டு நொடியில் மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிறது. படுத்தபிறகு டிக்கியில் ஒரு கைப்பை வைக்கவும் இடமில்லை. நான்கு நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுமாம். நெரிசலில் நான் இருபதைத் தொடவே அரைமணி நேரம் ஆனது. சைக்கிள்காரர் ஒருவர் ஒவ்வொரு சிக்னலிலும் என்னை முந்திக்கொண்டு போனார். வேகத்தடைகளில் காரின் அடிப்பாகம் உரசும்போதெல்லாம் என் முதுகும் சேர்ந்து உரசியது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு அம்மா குனிந்து பார்த்து, "ஏன்ப்பா, மேல்மூடி வாங்கக் காசு பத்தலையா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. பக்கத்து இருக்கையிலிருந்த ஷோரூம் டிரைவரும் சிரித்தார். டெஸ்ட் முடிந்ததும் காரைத் திரும்ப எடுத்துப்போக வந்தவர். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நகரத்துக்கு வெளியே ஐந்து நிமிடம் காலியான சாலை கிடைத்தது. கார் பறந்தது. அந்த ஐந்து நிமிடம் வலி மறந்துபோனது என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. அப்புறம் படம் எடுக்கப் பாலத்தோரம் நிறுத்தினேன். இறங்கும்போதுதான் இப்படி மாட்டிக்கொண்டேன்.

டிரைவர் சுற்றிக்கொண்டு வந்தார். என் அக்குளுக்குக் கீழே கைகொடுத்து, கிணற்றிலிருந்து வாளியை எடுப்பதுபோல மெதுவாகத் தூக்கி நிறுத்தினார். நான் மூச்சு வாங்குவது அடங்கும்வரை ஆற்றைப் பார்ப்பதுபோலத் திரும்பி நின்றுகொண்டார்.

"எல்லாரும் இப்படித்தான் சார்" என்றார் பிறகு. "சீட்டு ரொம்பப் பள்ளம். எனக்கே முட்டி புடிச்சுக்கும். போன வாரம் வந்தவரு, ஜிம்முக்குப் போற ஆளு, அவரையே நான்தான் இழுத்து எடுத்தேன்."

"நெசமாவா?"

"பொய் சொல்லி எனக்கு என்ன சார் ஆகப்போவுது?"

அந்த வார்த்தை வலி மாத்திரையைவிட வேகமாக வேலை செய்தது. அப்படியானால் குறை என்னிடம் இல்லை, காரிடம்தான். அலுவலகம் வந்து இரண்டாவது மாடி ஏறும்போது கைப்பிடியைக்கூட அதிகம் பிடிக்கவில்லை. உட்கார்ந்து எழுதி எடிட்டருக்கு அனுப்பினேன்: 'ஏறி இறங்குவது எல்லோருக்குமே பெரும்பாடு. சொகுசு: நான்கு.'

எடிட்டர் போனில் வந்தார். "என்னப்பா, நாலா? மத்த பத்திரிகைக்காரங்க எல்லாரும் எட்டு போட்டுருக்காங்க. சீட்டு அவ்ளோ மோசமா?"

"சார், அதுலருந்து இறங்குறது..." என்று தொடங்கியபடி ஜன்னல் பக்கம் நடந்தேன். கீழே டிரைவர் டீ குடித்துவிட்டு அப்போதுதான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். வாசலில் காவலாளி இல்லை. கேட் சாத்தியிருந்தது. காரை நிறுத்திக் கதவைத் திறந்தார். எதையும் பிடிக்கவில்லை. வெட்டுக்கிளி எழும்புவதுபோல ஒரே எழும்பு. வெளியே நின்றார். கேட்டைத் தள்ளித் திறந்துவிட்டு, வாயில் ஏதோ பாட்டோடு திரும்பி வந்தார்.

"சொல்லுப்பா, லைன்ல இருக்கியா? சீட்டு மோசமா, இல்லையா?"

ஒரு மனிதர் என்மேல் இரக்கப்பட்டுச் சொன்ன பொய்யைத்தான் நான்கு என்று மார்க்காக்கி அச்சுக்கு அனுப்பப் பார்த்தேன்.

"சார், ஒரு நிமிஷம். சீட்டப் பத்தி இல்ல. என்னப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

அந்த நேரம் டிரைவர் தற்செயலாக மேலே பார்த்தார். ஜன்னலில் என்னைக் கண்டுவிட்டார். பாட்டு நின்றது. ஒரு கணம் அப்படியே நின்றவர், ஒரு கையால் கதவைப் பற்றி, இன்னொரு கையை முட்டியில் ஊன்றி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, நூறு வயதுக் கிழவர்போல அங்குலம் அங்குலமாக அந்தப் பள்ளமான இருக்கைக்குள் இறங்கத் தொடங்கினார்.