சரிதா இருக்கும்வரை படகு கவிழாது

1

இந்தக் கதை ஒரு செல்போன் படத்திலிருந்து வந்தது. ஒளித்து என்ன ஆகப்போகிறது? ஓசூர் சிப்காட் பக்கம் டீக்கடையில் பக்கத்தில் நின்றவர், தன் கம்பெனி டூர் படத்தை வலுக்கட்டாயமாகக் காட்டினார். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டில் முப்பது பேர், பின்னால் ஆறு, அதற்கும் பின்னால் காடு. எல்லோரும் துடுப்பைத் தூக்கிப் பிடித்திருக்க, ஒருவன் மட்டும் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். கதை கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு ஓடிவந்தேன். கிடைத்தது தலைவலி.

முதல் தொடக்கம்: "மழைக்காட்டின் நடுவே நதி ஒரு பச்சைப் பாம்பாக வளைந்து"

அடித்துவிட்டேன். ஆற்றைப் பாம்பு என்று எழுதாதவன் இனி யார் மிச்சம்?

இரண்டாம் தொடக்கம்: "ஓசூருக்கு அருகிலுள்ள மழைக்காட்டில்"

ஓசூருக்கு அருகில் ஏது மழைக்காடு? அஞ்செட்டிக் காட்டில் மூங்கில் உண்டு, முள் உண்டு, யானை உண்டு. மழைதான் அதற்கு மனசு வந்தால் வரும். ஆக, முப்பது பேரையும் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பஸ்ஸில் ஏற்றி, கர்நாடக மலைநாட்டில் ஓர் ஆற்றங்கரையில் ஞாயிறு காலை இறக்கிவிட வேண்டியதாயிற்று. திங்கள் காலை ஷிஃப்டுக்குத் திரும்பவும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கதை எழுதுகிறேனா, டிராவல்ஸ் நடத்துகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

2

கதாநாயகி சரிதா. வயது முப்பத்து நான்கு. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பம். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் (எது என்று கேட்காதீர்கள், நானே கட்டியது) சேஃப்டி ஆபீசர். இந்த வேலையை அவளுக்குக் கொடுத்ததுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

என் திட்டம் எளிமையானது. கயாக் என்பது ஒடுக்கமான சின்னப் படகு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், ஆளுக்கொரு துடுப்பு. நடு ஆற்றில் ஒன்றைக் கவிழ்த்தால் கதை தானாக ஓடும். அதற்காக ஒரு ஜாக்கெட்டின் வாரைத் தளர்த்தி வைத்தேன். சரிதா கண்டுபிடித்து இறுக்கினாள். ஒரு துடுப்பில் விரிசல் வைத்தேன். மாற்றச் சொன்னாள். மேற்கே மேகத்தைக் கறுக்க வைத்தேன். வழிகாட்டி ஸ்ரீராமிடம் போய், மேலே மழை பெய்தால் இங்கே எவ்வளவு நேரத்தில் தண்ணீர் ஏறும் என்று கேட்டு, அரை மணி முன்னதாகவே எல்லோரையும் கிளப்பிவிட்டாள். மாவு விற்கப் போனால் காற்று, உப்பு விற்கப் போனால் மழை. இவளை வைத்துக்கொண்டு எவன் கதை எழுதுவான்?

[இந்தக் கவனம் பிறவிக் குணம் என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். நாலு மாதம் முன்பு வரை அவள் இப்படி இல்லை.]

3

சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தச் சுற்றுலாவே ஒரு பரிசு. கம்பெனி வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று பலகை உண்டு. அதில் எண் 365 ஆனதற்குத்தான் இந்த ஆறும் காடும் மதியப் பிரியாணியும்.

ஆனால் 241ஆம் நாள் விமல்ராஜின் வலது கை, தகடு அழுத்தும் பிரஸ் மெஷினுக்குள் போனது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் திரும்ப வரவில்லை. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. வேலை தாமதமாகிறது என்று யாரோ அதை அணைத்து வைத்திருந்தார்கள். சரிதாவுக்கு அது தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யச் சொல்லியிருந்தாள். விரல்கள் போனது புதன்கிழமை.

எச்.ஆர். மேனேஜர் ஹரீஷ்குமார் சொல்லச் சொல்ல சரிதா அறிக்கை எழுதினாள்: வீட்டில், மாட்டுத்தீவனம் வெட்டும் மெஷினில். மறுநாள் பலகை 242 என்றது. விமல்ராஜ் கான்ட்ராக்ட் ஆள். வாயைத் திறக்காமலிருந்தால் பர்மனன்ட் ஆக்குகிறோம் என்றார்கள். அவனும் திறக்கவில்லை.

[சாமல்பட்டியில் அவன் வீட்டில் மாடே கிடையாது.]

4

இது காட்டை வர்ணிக்க வேண்டிய இடம். இரு கரை மரங்களும் மேலே கைகோத்திருந்தன, பாசி வாசனை அடித்தது, ஓர் இருவாச்சி பெரிய சத்தத்தோடு சிறகடித்து ஆற்றைக் கடந்தது. இருபத்தொன்பது கழுத்துகள் அண்ணாந்தன. சரிதாவின் கழுத்து அசையவில்லை. எவ்வளவு பாடுபட்டு அந்தப் பறவையைக் கொண்டுவந்தேன் தெரியுமா?

அவள் விமல்ராஜுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்காருவேன் என்று அவளே கேட்டு வாங்கிய இடம். அவன் கையுறை போட்டிருந்தான். அதில் இரண்டு விரல்கள் வெறுமனே ஆடின. அவளால் அதைத் தவிர எதையும் பார்க்க முடியவில்லை. அவமானமாக இருந்தது அவளுக்கு. மூன்றாவது மணி நேரத்தில் ஈரத் துடுப்பு அவன் பிடியிலிருந்து வழுக்கிப் போனது. ஸ்ரீராம் அதைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தபோது கையுறையைக் கவனித்தான். எல்லோரையும் சாப்பாட்டுப் பாறையில் ஒதுங்கச் சொன்னான்.

5

பாறைக்குக் கீழே ஆறு நுரைத்து இறங்குகிறது. ஸ்ரீராம் கோபப்படவில்லை. காலையில் கேட்டபோது பழைய காயம் எதுவும் இல்லையென்று விமல்ராஜ் தலையாட்டியதை மட்டும் நினைவுபடுத்தினான். பிறகு ஒரு படிவத்தை எடுத்தான். கையில் காயம்பட்டவர் இதற்குக் கீழே இறங்க வேண்டுமென்றால், காயம் எங்கே, எப்படிப் பட்டது என்று பின்னால் உட்காருகிறவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அவர் ஜீப்பில் போக வேண்டும். (கன்னடத்தில்தான் சொன்னான். ஓசூர்க்காரர்களுக்கு அதை யாரும் பெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இது உங்களுக்காக.)

ஜீப்பில் போய்விடலாமே என்று நான்கூட நினைத்தேன். ஆனால் அடுத்த மாதம் பர்மனன்டுக்கான மெடிக்கல். ஹரீஷ்குமார் பிரியாணித் தட்டோடு எதிரிலேயே நிற்கிறார். ஜீப்பில் ஏறினால், இந்தக் கை உதவாது என்று அவனே எழுதிக் கொடுத்த மாதிரி.

சரிதா பேனாவை வாங்கினாள். பெயர், வயது எழுதினாள். அடுத்த வரியில் நின்றாள்.

"என்ன யோசனை, சரிதா?" என்றார் ஹரீஷ்குமார். "போன தடவை எழுதுனதையே எழுதுங்க."

விமல்ராஜ் குனிந்து மெதுவாகச் சொன்னான். "வூட்லன்னே எழுதுங்க மேடம். எனக்கு அது பழகிப்போச்சு."

"உனக்குப் பழகிப்போச்சு விமல். எனக்குப் பழகல."

6

இங்கேதான் மூன்று வாரமாக நிற்கிறேன்.

அவள் 'கம்பெனி' என்று எழுதுகிறாள். நீங்கள் கைதட்டுகிறீர்கள். ஹரீஷ்குமார் அந்தத் தாளைப் படமெடுத்துக்கொள்கிறார். திங்கள் காலை விமல்ராஜ் கேட்டில் நிற்கிறான், அவன் கார்டு வேலை செய்யவில்லை. அப்போது நீங்களும் நானும் அங்கே இல்லை. அடித்துவிட்டேன்.

அவள் 'வீடு' என்று எழுதுகிறாள். படகு நுரையில் இறங்கி, எல்லோரும் நனைந்து, சிரித்து, போட்டோ எடுத்து, அதற்கப்புறம் அவள் சாகும்வரை ஊரார் ஜாக்கெட்டுகளின் வாரை

வேண்டாம்.

ஆறே பொங்கிவந்து தாளை அடித்துக்கொண்டு போகட்டும் என்று ஓர் அலையை அனுப்பிப் பார்த்தேன். சரிதா தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மேலே கல் வைத்திருந்தாள்.

கடைசியாக ஒன்று தோன்றியது. காயம் அவனுடையது, வேலை அவனுடையது, முடிவும் அவனுடையதாக இருக்கட்டுமே. "நீயே எழுது விமல்" என்று சரிதாவைச் சொல்ல வைத்து, பேனாவை அவனிடம் நீட்ட வைத்தேன். நியாயமான முடிவு. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அவனும் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான்.

பேனா பிடிக்க வேண்டிய இரண்டு விரல்களையும் மூன்றாம் பகுதியில் நான் வெட்டியிருக்கிறேன். சென்சாரை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள் என்று எழுதினேன் அல்லவா? கதைக்குத் தேவைப்பட்டது. அணைத்தது நான்தான்.

இனி நான் எதையும் எழுதுவதாக இல்லை. மேகம் இன்னும் கறுத்துவிட்டது, ஸ்ரீராம் அவசரப்படுத்துகிறான், மூன்று பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு விரல்கள் இருக்கின்றன. இந்தாருங்கள்.

காயம் ஏற்பட்ட இடம்: .................................