ஆளில்லாத ரோட்டுக்குப் பன்னிரண்டு விளக்கு

கித்தா என்கிற ரப்பர் விலை ஏறி, கையில் நாலு காசு சேர்ந்தவர்களுக்கெல்லாம் வீடு கட்டும் ஆசை பிடித்திருந்த வருஷம் அது. தீவு நகரமான ஜார்ஜ் டவுனுக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பை வெட்டி, ஊர் அபிவிருத்திக் கமிட்டி புது ரோடு போட்டது. இரண்டு பக்கமும் கல் பாவிய சாக்கடை. வரிசையாகப் பன்னிரண்டு விளக்குக் கம்பங்கள். வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை.

அந்தப் பன்னிரண்டையும் ஏற்றுகிற வேலை அய்யாக்கண்ணுவுக்கு வந்தது. பதினோரு வருஷமாகக் கமிட்டியில் விளக்கேற்றுகிறவன். பொழுது சாயும் நேரத்தில் தோளில் ஏணியும் கையில் மண்ணெண்ணெய் டின்னுமாகப் போவான். கண்ணாடியைத் துடைத்து, திரியை நறுக்கி, ஏற்றிவிட்டு இறங்கினால், அந்த வெளிச்சத்தில் நடமாடத் தவளைகளைத் தவிர ஆளில்லை.

"உங்களுக்குத்தான் ராசா இவ்வளவு செலவு," என்று ஒருநாள் ஒரு தவளையிடமே சொல்லிவிட்டு வந்தான்.

அவன் குடியிருந்தது சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில். நாற்பது குடித்தனம், ஒரு விளக்கு கிடையாது. போன மழைக்காலத்தில் அவன் பெண்டாட்டி வள்ளியம்மா, ஆப்பமாவுப் பானையோடு இருட்டில் சாக்கடைக்குள் விழுந்தாள். மாவு போனது போக, கணுக்கால் எலும்பும் விலகிவிட்டது. அன்றிலிருந்து சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள். சந்துக்கு ஒரு விளக்குக் கேட்டு அய்யாக்கண்ணு மூன்று மனுக் கொடுத்தான். மூன்றுக்கும் கமிட்டி ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஜெயராஜ் தலை நிமிராமலே பதில் சொன்னார்: "ஃபண்டு இல்ல."

நாலாவது தடவை அய்யாக்கண்ணு விடவில்லை. "தோப்புல யாருமே இல்லீங்களே ஐயா. அங்க பன்னெண்டு எரியுது."

தோப்பு, கமிட்டியில் உட்கார்ந்திருந்த பெண்டில்டன் துரையும் கூட்டாளிகளும் நடத்திய மனைக் கம்பெனிக்குச் சொந்தம் என்பது ஊருக்கே தெரியும். ஜெயராஜ் அதை மறைக்கவும் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

"ரோடும் வெளிச்சமும் இருந்தாத்தானே மனை விலை போவும்? மனை போனாத்தானே வீடு வரும்? வீடு வந்தாத்தானே கமிட்டிக்கு வரி வரும்? வரி வந்தா உன் சந்துக்கு விளக்கு. எல்லாம் உனக்காகத்தான்லா, அய்யாக்கண்ணு!"

அய்யாக்கண்ணு கும்பிட்டுவிட்டு வந்தான். இதை அப்படியே வீட்டில் சொன்னபோது வள்ளியம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குடித்தனம் எட்டிப் பார்த்தது.

மனை ஒன்றும் விலை போகவில்லை. அதற்குள் ஆளில்லாத ரோட்டுக்கு விளக்கெரிகிறது என்று யாரோ கையெழுத்தில்லாமல் சிங்கப்பூர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒரு பெரிய துரை விசாரணைக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. வியாழக்கிழமை காலை, வாழ்நாளில் முதல் தடவையாக ஜெயராஜ் சந்துக்குள் நுழைந்தார், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"நாளைக்குச் சாயந்தரம் சந்து முழுக்கப் புது ரோட்டுக்கு வந்துடணும். நல்ல துணி உடுத்திக்கிட்டு சும்மா நடங்க. ஆளுக்கு இருபது காசு."

"ஆப்ப ஏவாரம் பண்ற நேரமாச்சே," என்றாள் வள்ளியம்மா.

"அங்கயே போடு. இன்னும் நல்லது."

மறுநாள் ரோடு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் கம்பத்துக்குக் கம்பம் ஓடினார்கள். ஏழாவது விளக்கின் கீழ் வள்ளியம்மா அடுப்பு மூட்டினாள். நரைத்த மீசையோடு வந்த துரை ரோட்டின் இரு முனையும் நடந்துவிட்டு அவள் அடுப்பின் முன் நின்றார். ஒரு ஆப்பத்தைப் பிய்த்துத் தின்றார். இன்னொன்று கேட்டார். பிறகு, இந்த விளக்குகளால் உனக்கு உபயோகமா என்று ஜெயராஜ் மூலம் விசாரித்தார்.

அய்யாக்கண்ணு ஏணி மேல் இருந்தான். அவள் கரண்டியைக் கீழே வைத்ததைப் பார்த்ததும் ஒரு படி இறங்கினான்.

"வெளிச்சம் இல்லாமத்தான் சாமி என் கால் போச்சு," என்றாள் வள்ளியம்மா. பாதத்தை நீட்டிக் காட்டினாள். "நாங்க இருக்கிறது இங்க இல்ல. எங்க சந்துக்கு ஒரு விளக்கு வைக்கச் சொல்லுங்க."

ஜெயராஜ் துரை பக்கம் திரும்பினார். பிறகு இங்கிலீஷில், "இன்னும் விளக்கு வேண்டும் என்கிறாள்," என்றார்.

துரைக்கு மனம் இளகிவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்தில் புது ரோட்டுக்கு இன்னும் ஆறு விளக்கு வந்தது. அந்த ஆறையும் ஏற்ற வேண்டியவன் அய்யாக்கண்ணுதான். சம்பளம் ஏறவில்லை.

ஆனால் வள்ளியம்மா அன்று ஒன்றைக் கவனித்திருந்தாள். சந்தில் விற்பதைவிட அங்கே இரண்டு மடங்கு விற்றது. மறுநாளிலிருந்து அடுப்பை அங்கேயே கொண்டுபோனாள். காற்று வாங்க வந்தவர்கள் ஆப்பம் தின்றார்கள். ஆப்பம் தின்ன வந்தவர்கள் காற்று வாங்கினார்கள். அவளைப் பார்த்து குச்சியில் இறைச்சி கோத்துச் சாத்தே சுடுகிறவன் வந்தான், கரும்புச் சாறு வந்தது, சனிக்கிழமைகளில் ரிக்‌ஷாக்கள் வரிசை கட்டின. இவ்வளவு கலகலப்பான இடமா என்று மனைகளும் விலை போயின. ஒரே வருஷத்தில் ஒன்பது பங்களா எழும்பியது. கம்பெனிக்காரர்கள் பெண்டில்டன் துரைக்கு விருந்து வைத்தார்கள். ஆப்பக்காரியை யாரும் கூப்பிடவில்லை.

அவளுக்கு நோட்டீஸ்தான் வந்தது. கௌரவமான குடியிருப்பில் தெரு வியாபாரம் கூடாது என்று கமிட்டி தீர்மானம். அதை விளக்குக் கம்பங்களில் ஒட்டும் வேலையும் அய்யாக்கண்ணுவின் தலையில் விழுந்தது. பதினெட்டுக் கம்பத்திலும் ஒட்டினான். ஏழாவதில் ஒட்டும்போது பெண்டாட்டி முகத்தைப் பார்க்கவில்லை.

"கோணலா இருக்குங்க. நேரா ஒட்டுங்க," என்றாள் அவள்.

அடுப்பை அணைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது எதிர் பங்களாவின் வாசலில் சலேஹா வந்து நின்றாள். சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருந்த ஷேக் அலாவுதீனின் மனைவி. அந்த ரோட்டில் முதலில் குடிவந்தவள். வந்த நாளிலிருந்து அவள் வீட்டில் சாயந்தரப் பசியாறலே வள்ளியம்மாவின் ஆப்பம்தான்.

"எங்க வள்ளி கிளம்பிட்டே?"

"ரோட்டுல விக்கக்கூடாதாம் அக்கா."

"ரோட்டுலதானே? வேலிக்கு இந்தப் பக்கம் எங்க மண்ணு. உள்ள தூக்கி வை அடுப்பை. எவன் கேக்குறான்னு பாப்போம்."

மறுநாளே ஜெயராஜ் அளவு நாடாவோடு வந்தார். வேலியிலிருந்து அடுப்பு வரை அளந்தார். ஒன்றரை அடி உள்ளே இருந்தது. சொந்த மனைக்குள் நடப்பதைக் கமிட்டி கேட்க முடியாது. அந்தச் சட்டத்தைப் பெண்டில்டன் துரையே முன்னின்று கொண்டுவந்திருந்தார். ஜெயராஜ் நாடாவைச் சுருட்டினார். ஆப்ப வாசனை வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"சரி, ரெண்டு குடு," என்றார், கம்பிக்கு மேலே கையை நீட்டி.

வள்ளியம்மா வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள். "ரெண்டும் ஆறு காசு."

"ஒண்ணு ஒரு காசுதானே வித்தே?"

"அது ரோட்டு விலைங்க ஐயா. இது மனை விலை."

ஜெயராஜ் ஆறு காசையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, ரோட்டில் நின்றபடியே தின்றார்.