பொறி படாத கழுத்துப்பட்டை

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புமுன், வழக்கம்போல ஹில்டா தேங்காய் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு கணவன் பாஸ்கலின் கழுத்தடியில் உரியும் தோலைத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"தோலு பழகிச்சு. இனிமே உரியாது" என்றான் அவன். அவளும் நம்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வரும்.

மண்ணூர்பேட்டைப் பட்டறையில் ஒன்பது வருஷமாக அவன் வெல்டர். முகத்துக்குக் கண்ணாடி வைத்த மூடி கொடுத்திருந்தார்கள், கழுத்துக்கு ஒன்றுமில்லை. புழுக்கம் தாங்காமல் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொள்வது அங்கே எல்லாருக்கும் வழக்கம். வெல்டிங் வெளிச்சம் பட்ட இடம் முக்கோணமாகச் சிவந்து, நாலாம் நாள் உரியும். உரிய உரியத் தோலுக்கு உரம் ஏறும் என்று சூப்பர்வைசர் தங்கவேல் சொல்லிவைத்திருந்தான். ஹில்டாவுக்கு மனசு கேட்கவில்லை. பழைய கித்தான் பையை வெட்டி, இரட்டை மடிப்பாகக் கழுத்துப்பட்டை ஒன்று தைத்துக் கொடுத்தாள்.

"இன்னா பாஸ்கலு, பொண்டாட்டி கய்த்துல பட்ட கட்டி அனுப்பிச்சிகீறா? நாய் மாதிரி கொலைக்க வேற சொன்னாளா?" என்றானாம் தங்கவேல். பட்டறையே சிரித்ததாம். பாஸ்கல் அதைச் சாப்பாட்டுப் பையில் திணித்தவன்தான், அப்புறம் வெளியே எடுக்கவேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வந்த தவக்காலத்தில் அந்த முக்கோணத்துக்குள் ஒரு புண் வந்தது. ஆறவேயில்லை. கிறிஸ்துமஸுக்குள் கழுத்தெல்லாம் கட்டி. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அந்த வெளிச்சம் தோலின் செல்லுக்குள் புகுந்து அதை உடைத்துவிடும். தேற முடியாத செல் தன்னைத்தானே கொன்றுகொள்ளும். வெந்த தோல் உரிவது அப்படித்தான். கெட்டுப்போயும் சாகாமல் தங்கிவிட்ட செல்தான் பெருகிப் புற்றாகும்.

1995 ஜனவரியில் பாஸ்கல் போய்விட்டான். அவனைச் சவப்பெட்டியில் வைத்திருந்தபோது தங்கவேல் ரோஜா மாலையோடு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான்: "பயந்துகினு கய்த்தப் பொத்திக்கினு நின்னவன் இல்ல. ஆம்பள."

ஹில்டா எழுந்தாள். ஆணியில் தொங்கிய சாப்பாட்டுப் பையிலிருந்து கழுத்துப்பட்டையை எடுத்துத் தங்கவேலின் மடியில் போட்டாள்.

"ஒரு தபா கட்டிக் காட்டுண்ணே. இப்ப நாங்க சிரிக்கிறோம்."

யாரும் அவளை அடக்கவில்லை. தங்கவேல் அதைத் தொடாமலே எழுந்தான். அது தரையில் விழுந்தது. அவன் செருப்பைத் தேடிக்கொண்டு போனான்.

வெல்டிங் பொறி பட்டு ஓட்டை விழாத சட்டை பாஸ்கலிடம் ஒன்றுகூட இருந்ததில்லை. கழுத்துப்பட்டை இன்னும் அவளிடம் இருக்கிறது. அதில் ஒரு பொறிகூடப் பட்டதில்லை.